இகுவானா வாலை வீசுவதற்கு முன்

கழுத்தில் இஞ்ச் டேப்போடு கூண்டுக்குள் குனிந்தேன். டேப் சரிந்து, நான் வளர்க்கும் இகுவானா மரகதத்தின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளித் தொங்கி ஆடியது. அடுத்த நொடி வலது முன்கையில் சாட்டை விழுந்த மாதிரி ஒரு கோடு. தோல் கிழியவில்லை, ஆனால் தடித்து வீங்கி ஒரு வாரம் சிவந்தே கிடந்தது. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர்கள் கேட்டபோதெல்லாம், "அவனுக்கு அன்றைக்கு மூட் சரியில்லை" என்று சொன்னேன்.

இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். மரக்கிளையில் வாழப் பிறந்த பிராணியின் முகத்துக்கு நேரே மஞ்சளாக, நீளமாக ஏதோ நெளிந்தது. அவன் பாம்பைப் பார்த்திருக்கிறான். மூட் என்று நான் சொன்னது பயம்.

பெரம்பூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். 2018இல் தம்பி ஒரு பச்சை இகுவானாக் குஞ்சை வாங்கி வந்தான். ஓணான் மாதிரி இருக்கும், ஆனால் பல மடங்கு பெரிதாக வளரும் பிராணி. வாலை விட்டுவிட்டால் உள்ளங்கைக்குள் அடங்கும். பெண் என்று நினைத்து மரகதம் என்று பெயர் வைத்தோம். மூன்றாம் வருடம்தான் ஆண் என்று தெரிந்தது. பெயரை மாற்ற மனம் வரவில்லை. தம்பி வேலைக்காக மஸ்கட் போனான், மரகதம் என்னிடம் தங்கிவிட்டான். இன்று மூக்கிலிருந்து வால் நுனி வரை நாலரை அடி, மூன்றரைக் கிலோ.

இகுவானா வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "நேற்று வரை கையில் உட்கார்ந்திருந்தது, இன்றைக்கு ஏன் சீறுகிறது?" நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஒரே பிராணியை ஏழு வருடமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைத்தவள். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதையும், மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் கூண்டைப் பார்த்ததும் "வேலியில போற ஓணான எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதை" என்பார்கள். எனக்கு அந்தப் பழமொழி பிடிக்கும், ஏனென்றால் அதில் ஓணான் மேல் குற்றம் எதுவும் இல்லை. வேலியில் இருந்தவரை அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. எடுத்து, இருட்டான, தெரியாத இடத்தில் விட்ட பிறகுதான் பிராண்டுகிறது. இகுவானா சீறும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது: இவனை இப்போது எந்த வேட்டிக்குள் விட்டிருக்கிறேன்?

உடம்பு முன்கூட்டியே சொல்வது

வால் வீச்சு கடைசிப் பேச்சு. அதற்கு முன்னால் இகுவானா நிறையச் சொல்லியிருக்கும். பார்க்கத் தெரியாதவர்களுக்குத்தான் அது திடீரென்று அடித்த மாதிரி இருக்கும்.

மரகதம் முதலில் அசைவை நிறுத்துவான். வாயில் இலை இருந்தால் மெல்லுவது நின்றுவிடும். அப்புறம் மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, ஒரு கண் என்னைப் பார்க்கும்படி நிற்பான். விலாவை இரண்டு பக்கமும் உள்ளிழுத்து உடம்பைத் தட்டையாக்குவான். முன்னாலிருந்து பார்த்தால் நிறுத்தி வைத்த தட்டு மாதிரி ஒல்லியாக இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். நான்கு கால்களும் விறைத்து வயிறு கிளையைவிட்டு எழும்பும். கழுத்துக்குக் கீழே, மாட்டுக்கு அலைதாடி இருப்பது போல, ஒரு தோல் மடிப்பு உண்டு. அது விரிந்து கீழே இறங்கும். இத்தனையும் "நான் பெரியவன், தள்ளிப் போ" என்பதுதான். இதற்குள் நாம் விலகிவிட்டால் அதோடு முடிந்தது.

விலகாவிட்டால் வால் வில் மாதிரி ஒரு பக்கமாக வளையும், நுனி மட்டும் துடிக்கும். பூனை வால் நுனியை ஆட்டுமே, அதே மாதிரி. அந்தத் துடிப்பைப் பார்த்த பிறகும் கையை நீட்டினால் அடி நிச்சயம். சிலது வாயைத் திறந்து சீறும். மரகதம் அதிகம் சீற மாட்டான், நேராக வாலுக்குப் போய்விடுவான். உங்கள் இகுவானா எந்த வரிசையில் போகிறது என்பதை நீங்கள்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதினால் போதும், தெரிந்துவிடும்.

தலையாட்டல் தனிக் கதை. நம் ஊர் ஓணானைச் சுவரில் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. மெதுவாக மேலும் கீழும் இரண்டு மூன்று முறை ஆட்டினால் "இது என் இடம், நான் இங்கே இருக்கிறேன்" என்று அர்த்தம். காலையில் நான் மிஷின் மூடியைத் திறக்கும்போது மரகதம் அப்படி ஆட்டுவான். அதில் பகை இல்லை. வேகவேகமாக ஆட்டி, கூடவே தலையைப் பக்கவாட்டில் உதறினால் அது எச்சரிக்கை. முதல் வருடத்தில் இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தது.

கண்ணை மூடுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில்தான் அன்பானவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தடவிக் கொடுக்கும்போது இகுவானா கண்ணை மூடினால் "சுகமாகத் தூங்குகிறது" என்று பூரித்துப்போவார்கள். பல சமயம் அது தப்பிக்க வழியில்லாமல் உங்களை மறைத்துக்கொள்வது. நீங்கள் இருக்கும் பக்கத்துக் கண்ணை மட்டும் மூடியிருக்கும், மறுபக்கம் திறந்திருக்கும். கால்களைப் பாருங்கள். வயிறு கிளையில் படிந்து, கால்கள் தளர்ந்து தொங்கினால் உண்மையான ஓய்வு. கால் விறைத்து, கழுத்து உள்ளிழுத்துக் கண் மட்டும் மூடியிருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

கோபமே இல்லாத சிலவற்றையும் கோபம் என்று நினைத்துக்கொள்கிறோம். நாக்கை அடிக்கடி நீட்டித் தொடுவது மோப்பம். தும்மி வெள்ளையாகத் தெறிப்பது உப்பு. உடம்பில் மிஞ்சிய உப்பை மூக்கு வழியாக வெளியேற்றும் சுரப்பி அதற்கு உண்டு. விளக்குக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருந்தால் சூடு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது விளக்கைத்தான் பார்க்க வேண்டும்.

குளிர்ந்த உடம்பு எதிர்த்து நிற்கும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. கூண்டுக்குள் 23 டிகிரி. மரகதம் கரும்பச்சையாக மாறி ஒரே இடத்தில் ஒட்டிக்கிடந்தான். பாவம், குளிர்கிறதே என்று போர்வையோடு கிட்டே போனேன். அந்த நிலையிலும் வாயைப் பிளந்து உடம்பை ஊதினான். அவ்வளவு சோர்ந்து கிடந்தவனுக்கு எங்கிருந்து இந்த ஆத்திரம் என்று அன்றைக்குப் புரியவில்லை.

காரணம் எளிது. இகுவானா தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. உடம்பு குளிர்ந்தால் தசை மெதுவாகிவிடும், ஓட முடியாது. ஓட முடியாத பிராணிக்கு மிரட்டுவதுதான் மிச்சம். ஓணானுக்கு உறவான அகாமா இனங்களில் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்: உடல் சூடாக இருக்கும்போது ஓடிவிடும் பல்லி, குளிர்ந்திருக்கும்போது நின்று கடிக்கப் பார்க்கிறது. அதனால் காலையில் விளக்குப் போட்ட உடனே இகுவானாவைத் தூக்காதீர்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் வெயில் காயட்டும்.

படுத்துக் காயும் இடத்தில் 35 முதல் 38 டிகிரி, கூண்டின் மற்றப் பகுதியில் 27 முதல் 32 வரை, இரவில் 24க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. சென்னைக்காரர்களுக்குச் சித்திரை வைகாசியில் இந்தக் கவலை இல்லை, அப்போது நிழலும் தண்ணீர்த் தெளிப்பும்தான் கவலை. மார்கழி இரவுகளில் இங்கேயே 21, 22க்கு இறங்கும். கோவை, ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் குறையும். கூண்டின் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தெர்மாமீட்டர் வையுங்கள். கையை உள்ளே விட்டுப் பார்த்து "சூடாத்தான் இருக்கு" என்று முடிவு செய்வது சரிப்படாது, நம் கை எப்போதும் சூடுதான்.

வெளிச்சத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் எனக்கு ராத்திரி ஒரு மணி வரை வேலை ஓடும். டியூப்லைட் எரியும், மிஷின் ஓடும். அந்த நாட்களில் மரகதம் தொட்டதற்கெல்லாம் உடம்பை ஊதுவான். இரண்டு தீபாவளிக்குப் பிறகுதான் உறைத்தது: அவன் தூங்கவே இல்லை. பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் நல்ல இருட்டு வேண்டும். இப்போது ஏழரை மணிக்குக் கூண்டின் மேல் கறுப்பு லைனிங் துணியில் தைத்த உறையைப் போட்டுவிடுகிறேன். காற்றுக்குப் பின்பக்கம் திறந்திருக்கும்.

கை எங்கிருந்து வருகிறது

இகுவானாவின் உச்சந்தலையில், இரண்டு கண்ணுக்கும் சற்றுப் பின்னால், வெளிறிய ஒரு செதில் இருக்கும். அதன் கீழே இருப்பது மூன்றாவது கண். அதில் உருவம் தெரியாது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். காட்டில் பருந்து தூக்கிப்போகிற பிராணிக்கு மேலிருந்து ஒரு நிழல் விழுந்தால் யோசிக்க நேரம் ஏது? நம் கை மேலிருந்து இறங்கும்போது அவனுக்கு அதுவும் பருந்துதான். பால்கனிக் கம்பியில் காக்கா வந்து உட்கார்ந்தாலே மரகதம் தட்டையாகிவிடுவான். அந்த நேரம் நான் போய்த் தொட்டால் காக்காவுக்கு உரிய அடி எனக்கு விழும்.

முதல் இரண்டு வருடம் கூண்டைத் தரையில் வைத்திருந்தோம். அவனிடம் போகிற எல்லாமே மேலிருந்துதான் போகும்: கை, முகம், பாத்திரம், விளக்குமாறு. பிறகு தச்சரிடம் சொல்லி ஆறடி உயரக் கூண்டு செய்து, அவன் உட்காரும் பலகை என் கண்ணுக்குச் சற்று மேலே வரும்படி வைத்தேன். நான் சொல்லிக்கொடுத்த எந்தப் பழக்கமும் அந்தப் பலகை அளவுக்கு உதவவில்லை. பத்து நாளில் அவன் வேறு ஆளாகிவிட்டான். இகுவானா ஆற்றோர மரங்களின் உச்சியில் வாழும் இனம். ஆபத்து என்றால் கிளையிலிருந்து தண்ணீரில் குதித்துத் தப்பும். உயரம்தான் அதற்குத் தைரியம். கூண்டைத் தரையில் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் முயல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கிட்டே போகும்போது பக்கவாட்டிலிருந்து, அவன் கண்ணுக்குத் தெரியும்படி, பேசிக்கொண்டே போங்கள். கை நெஞ்சுக்குக் கீழிருந்து வரட்டும். தூக்கும்போது வயிற்றுக்கு அடியில் முன்கையைக் கொடுத்து நான்கு கால்களுக்கும் பிடிமானம் கொடுங்கள். நகம் கிளையில் மாட்டியிருந்தால் இழுக்காமல் ஒவ்வொரு விரலாக விடுவியுங்கள். வாலை ஒருபோதும் பிடிக்காதீர்கள். பல்லி மாதிரி இதுவும் வாலை விட்டுவிட்டு ஓடும். திரும்ப வளரும், ஆனால் முன்பிருந்த நீளமும் நிறமும் வராது.

நிறங்களைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். இகுவானாவுக்கு நிறம் நன்றாகத் தெரியும், நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் தெரியும். தையல் மேசையில் தினமும் பத்து நிறம் கிடப்பதால் நான் கவனித்தேன்: கிளிப்பச்சைப் பட்டும் ஆரஞ்சுத் துணியும் கிடந்தால் அவன் நிலைகொள்ள மாட்டான். ஆரஞ்சு ஏன் என்று கீழே வருகிறது. உங்கள் வீட்டில் வேறு நிறமாக இருக்கலாம். ஒரே புடவை, ஒரே நைட்டி உடுத்தும் நாளில் மட்டும் வம்பு வருகிறதா என்று பாருங்கள்.

ஆரஞ்சு நிறம் ஏறும் மாதங்கள்

தம்பி மஸ்கட்டிலிருந்து போன் செய்து "அக்கா, அதை யாருக்காவது கொடுத்துடு" என்றது மூன்றாவது வருடக் கார்த்திகையில். அந்தப் பருவம் வரப்போகிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஆண் இகுவானா இரண்டு முதல் நான்கு வயதுக்குள் பருவத்துக்கு வரும். கன்னத்தில், காதுக்குக் கீழே இருக்கும் வட்டச் செதில் பெரிதாகும், தாடை தடிக்கும், தொடையின் உள்பக்கத்தில் வரிசையாக இருக்கும் துளைகள் புடைத்து மெழுகு மாதிரி ஒன்று வரும். முன்கால்களிலும் உடம்பிலும் ஆரஞ்சு நிறம் ஏறும். பிறகு சில வாரம் முதல் மூன்று மாதம் வரை நீங்கள் வளர்த்த பிள்ளை உங்களைப் போட்டிக்காரனாகவோ இணையாகவோ பார்ப்பான். இகுவானாவின் சொந்த ஊர்களில் ஒன்றான பனாமா நாட்டில் இவை டிசம்பர், ஜனவரியில் இணைசேர்ந்து, பிப்ரவரி வாக்கில் முட்டையிட்டு, மே மாதம் மழை தொடங்கித் தளிர் வரும்போது குஞ்சு பொரிக்கின்றன. பெரம்பூரில் வளர்ந்தாலும் மரகதத்தின் உடம்பு கிட்டத்தட்ட அதே கணக்கில்தான் போகிறது. தீபாவளி முடிந்து ஆரம்பித்தால் தை பிறந்து இரண்டு வாரம் வரை.

அந்த முதல் பருவத்தில் அவன் அதிகம் தாக்கியது என்னை அல்ல. வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்ப்பதற்காக அறையில் ஓர் ஆளுயரக் கண்ணாடி வைத்திருந்தேன். அதில் தெரிந்த ஆண் இகுவானாவோடு அவன் நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறான். மூக்கு நுனி தேய்ந்து ரத்தம் வந்த பிறகே கவனித்தேன். அந்த ஆத்திரத்தோடு திரும்புகிறவன் முன்னால் நான் போனால் எனக்கும் கிடைக்கும். கண்ணாடிக்குத் திரை தைத்துப் போட்டேன், ஆள் வரும்போது மட்டும் திறப்பேன். பீரோ கண்ணாடி, டிவித் திரை, இரவில் ஜன்னல் கண்ணாடி, பளபளக்கும் எவர்சில்வர் டிரம் எல்லாவற்றையும் அவன் உயரத்தில் நின்று பாருங்கள்.

பருவத்தில் நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான். தோளில் ஏற்ற மாட்டேன், முகத்துக்குக் கிட்டே கொண்டுவர மாட்டேன். குழந்தைகள் அந்த அறைக்குள் வரக் கூடாது, இதில் யார் வருத்தப்பட்டாலும் சரி. இகுவானாவின் பற்கள் சிறியவை, ஆனால் ரம்பம் மாதிரி வரிசையாக இருப்பவை. கன்னத்தில் பட்டால் தையல் போட வேண்டிவரும். கூண்டைச் சுத்தம் செய்யும்போது ஜீன்ஸ் துணியில் முழங்கை வரை தைத்த உறை போட்டுக்கொள்கிறேன். பழைய துண்டை உருட்டி, அதன்மேல் பச்சைக் காடாத் துணியைச் சுற்றித் தைத்து, இரண்டடி நீளத்தில் ஒரு பொம்மை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். அதைக் கடித்து, அதன்மேல் ஏறி, தன் வேகத்தைத் தீர்த்துக்கொள்வான். அதைக் கொடுத்த வருடத்திலிருந்து என் கைக்கு நிம்மதி. கூச்சப்பட வேண்டியதில்லை, இது அவன் உடம்பின் தேவை.

பெண்களுக்கு ஒன்று. பருவத்தில் இருக்கும் ஆண் இகுவானா மாதவிலக்கு நாட்களில் பெண்கள்மேல் பாய்வது உண்டு. ஊர்வன மருத்துவர்களே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்கும் இரண்டு முறை நடந்தது. அந்த நாட்களில் சாப்பாடு வைக்கும் வேலையை அம்மா பார்த்துக்கொள்கிறார். வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிட்டால் இதில் ஒரு சிக்கலும் இல்லை.

பருவத்தில் தீனி குறையும். வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பெண் இகுவானா வளர்ப்பவர்களுக்கு வேறு எச்சரிக்கை: ஆண் இல்லாமலே அது முட்டையிடும், ஒரு ஈட்டுக்கு இருபதிலிருந்து எழுபது வரை. வயிறு பருத்து, சாப்பாட்டை விட்டு, மூலையைப் பிராண்டிக்கொண்டு சிடுசிடுப்பாக இருந்தால் அது முட்டை வைக்க இடம் தேடுகிறது. ஈரமணல் கலந்த மண்ணை ஆழமான தொட்டியில் போட்டு மறைவாகக் கொடுங்கள். முட்டை தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வலியும் சிடுசிடுப்பாகத்தான் தெரியும்

பருவம் இல்லை, குளிர் இல்லை, கை சரியாகத்தான் போகிறது, ஆனாலும் தொட்டால் துடிக்கிறது என்றால் வலியைச் சந்தேகப்படுங்கள். மரகதத்தின் முதல் வருடத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், வாழைப்பழம். ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் வருகிறதே, போதும் என்று நினைத்தோம். எட்டாவது மாதம் கால்விரல்கள் தானாகத் துடிக்க ஆரம்பித்தன, தூக்கினாலே கடிக்க வந்தான். எலும்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்றார் மருத்துவர். கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி உண்டாகாது. அது இல்லாமல் தின்ற கால்சியமும் எலும்பில் சேராது. நொந்த எலும்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு "ஏன் கடிக்கிறாய்" என்று அவனைத் திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

இப்போது கம்பிவலை போட்ட பால்கனிக் கூண்டில் காலை வெயில், உள்ளே அந்தப் புற ஊதா பி கதிரைத் தரும் யுவிபி விளக்கு. விளக்கு எரிந்தாலும் அந்தக் கதிர் நாளாக ஆகக் குறையும், அதனால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்ற வேண்டும். சாப்பாட்டில் முருங்கைக்கீரை, மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும், கொஞ்சம் மஞ்சள் பூசணித் துருவல். பாலக்கீரை தினமும் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவிடும். முட்டை, கறி, நாய் பிஸ்கட் எதுவும் வேண்டவே வேண்டாம். இது இலை தின்னும் பிராணி, அசைவம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாடை வீங்குவது அல்லது ரப்பர் மாதிரி மெத்தென்று ஆவது, கால் வளைவது, விரல் துடிப்பது, மூன்று நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருப்பது, இவற்றில் எது வந்தாலும் பழக்கும் முயற்சியை நிறுத்திவிட்டு, ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தோல் உரியும் வாரங்களிலும் சிடுசிடுப்பு இருக்கும். முதுகு முள்ளிலும் விரலிலும் ஒட்டிய தோலைப் பிய்க்காதீர்கள். இளஞ்சூட்டு நீரில் கால் மணி நேரம் விடுங்கள், தானாகக் கழன்றுவிடும்.

அடியோ கடியோ விழுந்துவிட்டால்

வாலை வீசினால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். சொல்வது சுலபம், செய்ய எனக்கு ஆறு மாதம் ஆனது. ஒவ்வொரு அடிக்கும் நாம் துள்ளி ஓடினால், அடித்தால் இவள் போய்விடுவாள் என்று அவன் கற்றுக்கொள்வான். அதற்காக அடித்த பிறகும் பிடித்து அமுக்கிப் பழக்குவது என்று சிலர் சொல்வதை நான் ஒப்ப மாட்டேன், அது பயத்தை இரட்டிப்பாக்கும். கையை அப்படியே அசையாமல் வைத்திருங்கள். விலா தளர்ந்து, உடம்பு பழைய உருண்டைக்கு வரும், அலைதாடி சுருங்கும். அப்போது மெதுவாக எடுங்கள்.

அவசரமாக அவனை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் தலைமேல் ஒரு பருத்தித் துண்டைப் போட்டு உடம்போடு சுற்றித் தூக்குங்கள். கண்ணை மூடினால் அடங்கும். மருத்துவர்கள் மூடிய இமைமேல் பஞ்சை வைத்து லேசாகக் கட்டிவிடுவார்கள். அந்த மெல்லிய அழுத்தத்திலேயே இதயத் துடிப்பு தணிந்துவிடும்.

கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்கவே கூடாது, சதை கிழியும். இன்னொரு கையால் அவன் உடம்பைத் தாங்கி, கண்ணைத் துணியால் மூடிக் காத்திருங்கள், விடுவான். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பத்து நிமிடம் கழுவி, டாக்டரிடம் காட்டி டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கடிக்காத நாளிலும் தொட்ட பிறகு கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி இவற்றின் உடம்பில் சாதாரணமாகவே இருக்கும்.

மறுபடி பழக்குவதற்கு எனக்கு உதவியது என் வேலைதான். ஹெம்மிங், கொக்கி வைப்பது, காஜா எடுப்பது, இதையெல்லாம் கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தேன். அவனைப் பார்க்க மாட்டேன், தொட மாட்டேன். மூன்று வாரம் அப்படி. பிறகு செம்பருத்திப் பூவை விரல் நுனியில் நீட்டினேன், தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் தோள்பட்டையில் ஒரு விரல். நீங்கள் போனில் பேசலாம், காய் நறுக்கலாம். பக்கத்தில் இருந்தும் எதுவும் கேட்காத ஆளாக இருக்க வேண்டும்.

வளர்க்க முடியாது என்று ஆகிவிட்டால் ஏரியிலோ பூங்காவிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் பிளாரிடாவில் அப்படி விடப்பட்டவை பெருகி இன்று பெரும் தொல்லையாகிவிட்டன. சட்டமும் இருக்கிறது: இகுவானா, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம், 2024இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் வனத்துறையிடம் முறையைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

மரகதத்தின் நோட்டில் இன்று காலை எழுதியது: மார்கழி 9. மேலே 36, கீழே 28. முன்கால் முழுக்க ஆரஞ்சு. எடை 3 கிலோ 420. முருங்கை பாதி தின்றான், பூ இரண்டு. மெதுவான தலையாட்டல் மூன்று. பொம்மையின் ஒரு பக்கத் தையல் பிரிந்துவிட்டது, மதியம் தைத்துப் போட வேண்டும்.